உங்களுக்குத் தெரியுமா? பழைய காரின் நிஜ விலை

ரேட் கேட்டதும் புரோக்கர் வாயில் வரும் முதல் இரண்டு சொற்கள் மாடலும் மீட்டரும்தான். "19 மாடல் சார், முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு, டாக்டரம்மா வண்டி." பேரத்தைத் தொடங்க இது போதும். முடிக்கப் போதாது. காரின் உடம்பெங்கும் தேதிகள் அச்சாகியிருக்கின்றன. மிச்ச ஜாதகம் ஆர்.டி.ஓ., காப்பீட்டுக் கம்பெனி, சர்வீஸ் சென்டர் ஆகியவற்றின் கணினியில் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ரூபாயில் ஒரு மதிப்பு உண்டு.

● "19 மாடல்" என்பது 2018-இல் செய்த வண்டியாகவும் இருக்கலாம். டிசம்பரில் ஆலையை விட்டு வந்து, ஷோரூமில் நின்று, பிப்ரவரியில் பதிவான கார்கள் ஏராளம். ஆண்டுக் கடைசித் தள்ளுபடியில் வாங்கியவர், விற்கும்போது பதிவு ஆண்டைத்தான் சொல்வார். ஆர்.சி.யில் பதிவுத் தேதி தனி, உற்பத்தி மாதமும் ஆண்டும் தனி. பின்னதைப் பார்த்து விலை பேசுங்கள். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த தள்ளுபடியில் உங்களுக்கும் பங்கு உண்டு.

● டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். இதை மீட்டரோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கார் 2020, மீட்டரில் 24,000 கி.மீ., நான்கு டயரும் 2022 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக ஒரு செட் டயர் 40,000 கி.மீ. சுமாருக்கு வரும். அப்படியானால் முதல் செட் இரண்டே வருடத்தில் எங்கே போயிற்று? கேளுங்கள். "அலைன்மென்ட் பிரச்சினை சார்" என்றால் அதற்கும் காசு குறைய வேண்டும், மீட்டரில் கை வைத்திருந்தாலும் குறைய வேண்டும். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள். ஆலையில் இருந்து வந்த டயர் பெரும்பாலும் அங்கேதான் உயிரோடு இருக்கும். காரின் உண்மையான வயதை அது சொல்லிவிடும்.

● சட்டப்படி காரின் டயரில் குறைந்தது 1.6 மி.மீ. பட்டன் இருக்க வேண்டும். பள்ளத்துக்குள் சின்ன மேடாகத் தெரியும் அடையாளக் கட்டையோடு பட்டன் சமமாகிவிட்டால் நான்கு டயர் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.

● கண்ணாடிகளிலும் உற்பத்திக் குறி உண்டு. முன்கண்ணாடி மட்டும் வேறு கம்பெனி என்றால் பயப்பட வேண்டியதில்லை, லாரிக்குப் பின்னால் போய்க் கல்லடி பட்டிருக்கும். ஒரே பக்கத்தில் முன் கதவு, பின் கதவு இரண்டின் கண்ணாடியும் மாறியிருந்தால் கதை வேறு. அந்தப் பக்கம் எதுவோ பலமாக மோதியிருக்கிறது.

● சேசிஸ் எண்ணில் 17 எழுத்தும் இலக்கமும் இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே வராது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பக் கூடாது என்று உலக அளவில் வைத்த ஏற்பாடு. தகட்டில் அந்த மூன்றில் ஒன்று தெரிந்தால் விலை பேசாதீர்கள், கிளம்புங்கள்.

● மீட்டரைக் குறைப்பது டிஜிட்டல் காலத்தில் கடினமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. எளிதாகிவிட்டது என்பதுதான் சரி. பழைய பல்சக்கர மீட்டரைத் திருப்பினால் எண்கள் கோணலாக நிற்கும். இப்போது ஒரு கருவியைச் செருகினால் தடயம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் கி.மீ. பதிவாகிறது. ஓனரையே போன் செய்ய வைத்து ஹிஸ்டரியைக் கேட்டு வாங்குங்கள். "வெளியேதான் சர்வீஸ் விட்டேன்" என்பது குற்றமில்லை, ஆனால் அந்த வண்டியின் மீட்டருக்குச் சாட்சி இல்லை. சாட்சி இல்லாத கி.மீ.க்கு விலை கொடுக்காதீர்கள். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் உறையின் பளபளப்பு, டிரைவர் சீட்டின் வெளி ஓரம் ஆகிய மூன்றையும் பார்த்து நீங்களே ஒரு கி.மீ. போட்டுக்கொள்ளுங்கள்.

● பெயின்ட்டின் தடிமனை அளக்க ஒரு சின்னக் கருவி உண்டு. ஆலை பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். பட்டி பார்த்த இடத்தில் எண் பல நூறுக்குத் தாவும். கருவி இல்லாதவர்களுக்கு ஒரு மெல்லிய காந்தம் போதும், பட்டிமேல் அது வழுக்கும். ஒரு கதவிலோ பம்பர் ஓரத்திலோ டச்-அப் இருந்தால் அது நம் ஊர்த் தெருக்களின் பரிசு, அதற்காக முகம் சுளிக்க வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பானெட்டைத் திறந்து கீலில் உள்ள போல்ட்டுகளைக் குனிந்து பாருங்கள். ஆலையில் போல்ட்டை முடுக்கிய பிறகுதான் பெயின்ட் அடிக்கிறார்கள். அதனால் போல்ட் தலையும் சுற்றியுள்ள தகடும் ஒரே தோலாக இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் அறுகோணத்தின் முனைகளில் பெயின்ட் பெயர்ந்து உலோகம் மின்னும், வாஷரைச் சுற்றி மெல்லிய கோடு விழுந்திருக்கும். அதே பார்வையைக் கதவுக் கீல்களுக்கும் முன் ஃபெண்டருக்கும் கொடுங்கள். பிறகு கதவு ரப்பரைக் கையால் இழுத்து விலக்குங்கள். உள்ளே ஒரே இடைவெளியில் வரிசையாகச் சின்ன வட்டக் குழிகள் இருக்க வேண்டும், அவை ஆலையின் வெல்டிங் புள்ளிகள். அந்த வரிசை வழுவழுவென்று மறைந்திருந்தாலோ, கையால் வெல்டிங் அடித்த பிசிறு தெரிந்தாலோ, கூரையைத் தாங்கும் பில்லரில் வேலை நடந்திருக்கிறது. கதவு மாற்றிய காருக்குக் கொஞ்சம் விலை குறையும். பில்லரோ, என்ஜின் அறையின் பக்கத் தகடான ஆப்ரானோ வெட்டி ஒட்டிய காருக்கு என்னைக் கேட்டால் எந்த விலையும் சரியில்லை.

● சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம்: வெடித்த ஏர்பேகை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்திருக்கலாம்.

● பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி. எனும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் காரை 'டோட்டல் லாஸ்' என்று கணக்கிட்டு, மதிப்பை உரிமையாளருக்குக் கொடுத்துவிடுவார்கள். மிஞ்சிய வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் அதை ஓட வைத்து மறுபடி சந்தையில் நிறுத்துவதுண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023-இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் சென்னையில் நீரில் நின்ற கார்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

நீரில் நின்ற காரைக் கழுவலாம், சீட் உறை மாற்றலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. இழுங்கள். சுருளின் அடியில் இருக்கும் பகுதியில் சேற்றுக் கறைக் கோடு நிற்கும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் வண்டல், ஸ்டெப்னிக் குழியில் மண். காருக்குள் சென்ட் வாசம் தூக்கலாக இருந்தால் ஏ.சி.யைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றி ஐந்து நிமிடம் உட்காருங்கள். அடியிலிருந்து ஈர வாடை தானாக மேலே வரும்.

● அந்த ஐ.டி.வி.க்கு ஓர் எளிய அட்டவணை உண்டு. கார் ஆறு மாதத்துக்குள் என்றால் 5 சதவீதம் கழிவு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, பிறகு 30, 40, ஐந்தாண்டு வரை 50. கழிப்பது அந்த மாடலின் கம்பெனி விலையில் இருந்து; சாலை வரி, பதிவுச் செலவு இதில் வராது. எட்டு லட்ச ரூபாய் காருக்கு மூன்றரை வயதில் 4.8 லட்சம். ஐந்து வயதுக்கு மேல் அட்டவணையே இல்லை, கம்பெனியும் நீங்களும் பேசிக்கொள்வதுதான். "பாலிசியிலேயே இவ்வளவு போட்டிருக்கு" என்று ஓனர் காட்டினால் மயங்க வேண்டாம். ஸ்விஃப்டுக்கும் ஆள் தேடாத ஏதோ ஒரு செடானுக்கும் இதே சதவீதம்தான். சந்தை அப்படிக் கணக்குப் போடாது.

● "50 சதவீதம் என்.சி.பி. இருக்கு சார்!" இருக்கலாம், உங்களுக்கு வராது. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் போனஸ் 20-இல் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும். ஆனால் அது பாலிசி எடுத்தவருக்குச் சொந்தம், காருக்கு அல்ல. பெயர் மாற்றும்போது அந்தச் சலுகைத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். விற்பவர் அதற்குச் சான்று வாங்கி மூன்று ஆண்டுக்குள் தன் அடுத்த காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

● பழைய கார் சந்தையைப் பற்றி எழுதி ஒருவர் நோபல் வாங்கியிருக்கிறார். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய சிறிய கட்டுரை அது. அதற்குமுன் மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பின. வாதம் இதுதான்: எந்தக் கார் நல்லது என்று வாங்குபவருக்குத் தெரியாது, அதனால் சராசரி விலைதான் தருவார். நல்ல கார் வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, விற்காமல் விலகுவார். சந்தையில் மிஞ்சுவது சுமாரான கார்கள், சராசரி மேலும் இறங்கும். 2001-இல் பொருளாதார நோபல் பரிசை அவர் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் இருவரோடு பகிர்ந்துகொண்டார். எல்லா சர்வீஸ் பில்லையும் ஃபைலில் கோத்து வைத்திருக்கும் ஓனர் பத்து, இருபதாயிரம் கூடுதலாகக் கேட்டால் நான் அவர் பக்கம்தான்.

● அமெரிக்காவில் பழைய கார் விலைக்கு இன்றும் வேதவாக்காகக் கருதப்படுவது கெல்லி புளூ புக். லாஸ் ஏஞ்சலிஸில் 1918-இல் மூன்று ஃபோர்டு மாடல் டி கார்களோடு கடை போட்ட லெஸ் கெல்லி, தான் எந்தக் காரை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வேன் என்று பட்டியல் அனுப்பிவந்தார். 1926-இல் அது புத்தகமாயிற்று. கவனியுங்கள், அது வியாபாரி வாங்கும் விலை.

● நம் ஊர் ஆப்கள் ஒரு நிமிடத்தில் காட்டும் மதிப்பும் அதே ரகம்தான்: உங்களிடம் வாங்கும் விலை. இதை நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். நீங்கள் வாங்க நினைக்கும் மாடல், ஆண்டு, கி.மீ. எல்லாவற்றையும் விற்பவரைப் போலப் போட்டுப் பாருங்கள். அதே ஆப்பில் அதே போன்ற கார் என்ன விலைக்கு விற்பனையில் இருக்கிறது என்றும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில்தான் வியாபாரியின் லாபமும் பாலிஷ் செலவும் வாரன்டியும் உட்கார்ந்திருக்கின்றன. நேரடியாக ஓனரிடம் வாங்கினால் நீங்கள் பேச வேண்டிய விலையும் அந்த இடைவெளிக்குள்தான். விளம்பரத்தில் பார்க்கும் எண் கேட்கும் விலை மட்டுமே; அந்த விலைக்கு வண்டி போயிற்றா என்பதை யாரும் அச்சிடுவதில்லை.

● ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரி பழைய கார் விற்றால் 18 சதவீத வரி உண்டு, ஆனால் அவருடைய லாபத்தின்மீது மட்டும். நாலு லட்சத்துக்கு எடுத்து நாலரைக்குக் கொடுத்தால் ஐம்பதாயிரத்துக்கு வரி 9,000. மொத்த விலைக்கும் 18 சதவீதம் என்று யாராவது பில் நீட்டினால் நீட்டியவரிடமே திருப்பிக் கொடுங்கள். தனிநபர் தனிநபருக்கு விற்றால் இந்த வரியே இல்லை.

● 2025 செப்டம்பர் 22 அன்று ஒரே நாளில் தெருவில் நின்ற சிறிய கார்களின் மதிப்பு இறங்கியது. யாரும் அவற்றைத் தொடவில்லை. நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்து, செஸ்ஸும் நீங்கியது. புது கார் விலை இறங்கினால் இரண்டு வயதுக் காருக்குப் பழைய விலையை யார் கொடுப்பார்? "நான் வாங்கினப்ப இவ்வளவு" என்ற பேச்சு சந்தையில் செல்லாது. ஒப்பிட வேண்டியது இன்றைய ஷோரூம் விலையோடு.

● கம்பெனி போனால் கார் போகுமா? ஷெவர்லே 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலை நகரில் 2022-இல் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. அறிவிப்பு வந்த உடனே பயத்தில் விலை இறங்கும். அந்த நேரம் நல்ல வண்டியாகப் பார்த்து எடுத்தவர்கள் புத்திசாலிகள். ஃபோர்டு இக்கோஸ்போர்ட்டின் டீசல் என்ஜினை விரும்புகிறவர்கள் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஆனால் விற்கும்போது உங்களுக்கும் அதே சிறு வட்டம்தான் வாடிக்கையாளர். பத்து வருடம் வைத்து ஓட்டுவதானால் வாங்கலாம், இரண்டு வருடத்தில் மாற்றும் பழக்கம் இருந்தால் வேண்டாம்.

● டி போர்டாக (வாடகை வண்டியாக) ஓடியதை ஓன் போர்டாக மாற்றிய கார் ஒரே பார்வையில் தெரியாது. கதவு ஓரங்களிலும் எழுத்து ஒட்டிய இடங்களிலும் நிறம் சற்று மாறியிருக்கும், பின்சீட் முன்சீட்டைவிட அதிகம் தேய்ந்திருக்கும். ஆர்.டி.ஓ. பதிவில் பழைய வகை இருக்கும். விலையைக் கணிசமாக இறக்கிக் கேட்கத் தயங்காதீர்கள்.

● இலங்கையில் சில ஆண்டுகள் இந்தப் பாடமெல்லாம் தலைகீழாயிற்று. அந்நியச் செலாவணி நெருக்கடியில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பிப்ரவரியில். இடையில் பழைய கார் ஓட ஓட விலை ஏறியது, வாங்கியதைவிடக் கூடிய விலைக்கு விற்றவர்கள் பலர். அங்கே ஜப்பானில் இருந்து வரும் காருக்கு ஏலத் தாள்தான் சாட்சி. அதில் 4, 4.5 என்று தரப் புள்ளியும், கார் படத்தின்மேல் கீறலுக்கும் நெளிவுக்கும் தனித்தனிக் குறியும் இருக்கும். விபத்தில் சட்டகம் பழுதுபட்ட வண்டிக்கு எண் கிடையாது, ஆர் என்ற எழுத்துதான்.

● சிங்கப்பூரில் காரின் விலையைக் கார் தீர்மானிப்பதில்லை. 1990 முதல் அங்கே கார் வைத்திருக்கப் பத்தாண்டு உரிமச் சான்று ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்று 1,50,001 வெள்ளிக்குப் போனது. அதனால் பழைய கார் விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்திலேயே 'ஒரு வருடத் தேய்மானம்' எவ்வளவு என்று போடுவார்கள்: கேட்கும் விலையில், கழிவு செய்யும்போது திரும்பி வரும் தொகையைக் கழித்து, மீதியுள்ள ஆண்டுகளால் வகுத்தால் வரும் எண். நாமும் செய்து பார்க்கலாம். மூன்று லட்சத்துக்கு வாங்கி, நாலு வருடம் ஓட்டி, ஒன்றரைக்கு விற்க முடிந்தால் வருடத்துக்கு 37,500. டைமிங் பெல்ட்டும் டயரும் பேட்டரியும் தனி.

● தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இந்தப் புதுப்பித்தல் கட்டணமே 600-இல் இருந்து 5,000 ரூபாயாயிற்று, பசுமை வரி வேறு. 14 வயதுக் கார் சல்லிசாகக் கிடைத்தால் காரணம் இதுதான்.

● பி.ஹெச். (பாரத் தொடர்) நம்பர் பிளேட் உள்ள காருக்கு ஆயுள் வரி கட்டியிருக்க மாட்டார்கள், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கட்டுவார்கள். அந்தத் தொடருக்குத் தகுதியில்லாதவர் வாங்கினால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றி வரி கட்ட வேண்டும். அதை முதலிலேயே விலையில் கழியுங்கள்.

● டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல், பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் கார்கள் ஓடக் கூடாது என்பதை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பின்னர் உத்தரவுகள் மாறி மாறி வந்தாலும், எட்டொன்பது வயது டீசல் கார்கள் அங்கே மலிவாகித் தெற்கே இறங்கின. தடையில்லாச் சான்று, இங்கே வயதுக்கேற்ற ஆயுள் வரி, புது எண், அலைச்சல் எல்லாம் கூட்டிப் பார்த்தால் மலிவு பாதியாகக் கரைந்திருக்கும்.

● மின்சாரக் காரில் மீட்டரைவிட பேட்டரியின் ஆரோக்கிய சதவீதம் முக்கியம். பல கம்பெனிகள் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரன்டி தருகின்றன. இரண்டாவது ஓனருக்கு அது அப்படியே தொடருமா, சுருங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

● கடன் அடைத்துவிட்டேன் என்று ஓனர் சொல்வதும், ஆர்.சி.யில் கடன் குறிப்பான ஹெச்.பி. நீங்கியிருப்பதும் வேறு வேறு. வங்கியின் தடையில்லாச் சான்றோடு படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. எம்-பரிவாகன் ஆப்பில் ஓனர் வரிசை எண், ஹெச்.பி., காப்பீடு எல்லாம் தெரியும். நிலுவை அபராதத்தை இ-சலான் தளத்தில் பாருங்கள்.

விற்பவருக்கும் ஒன்று. பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் அதை முன்பே விற்றுவிட்டிருந்தார். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி வாங்குவது நல்ல பழக்கம், ஆனால் அது பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில்.

● இரண்டாவது சாவி எங்கே? கார் திருடு போனால் காப்பீட்டுக் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும். ஸ்மார்ட் சாவி புதிதாகச் செய்யப் பல ஆயிரம் ஆகும். "வீட்ல எங்கயோ இருக்கு, அனுப்பி வைக்கிறேன்" என்றால் அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள், சாவி வந்ததும் முழுசாகத் தீர்த்துவிடலாம். விற்பவர் கையோடு தன் ஃபாஸ்டேக் கணக்கை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்வரும் சுங்கக் கட்டணமெல்லாம் அவர் கணக்கில்தான் கழியும்.